மாதா எங்கள் வீட்டில் தங்கிய வாரம்

நம் அன்பியத்து மாதா சொரூபத்தின் கண்ணாடிக்கூட்டில், இடது பக்கச் சில்லில் ஒரு விரிசல் உண்டு. கீழ்மூலையில் தொடங்கி மேலே போய் இரண்டாகப் பிரியும். யாரோ ஒட்டிய டேப் மஞ்சளாகி, அதன்மேல் இன்னொரு டேப் ஒட்டி, இப்போது அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மாதாவின் கை தெரியாது.

அந்த விரிசல் எங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்தது. பிசாசு உடைத்தது என்று உங்கள் வீடுகளில் சொல்லியிருப்பார்கள். அன்று வேலிப்பக்கம் பயந்து நின்ற பிள்ளைகளில் நீங்களும் உண்டு. நமக்கெல்லாம் இப்போது நரை விழத் தொடங்கிவிட்டது. கூட்டத்தில் நான் பேசுகிறவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அது எப்படி உடைந்தது என்று நான் கண்டதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கேரள அரசாங்கம் சாராயக்கடைகளை இழுத்துப் பூட்டிய வருடம் அது. கடையைப் பூட்டினால் குடி நின்றுவிடும் என்று பலரும் நினைத்தார்கள். நமக்குத் தமிழ்நாட்டு எல்லை கையெட்டும் தூரத்தில். பனச்சமூடு வழியாகக் குப்பி வரும். மரச்சீனிக் கிழங்கு மூட்டைக்குள் இருந்து வரும். அதுவும் இல்லாவிட்டால் தோட்டத்துக்குள் எங்காவது சாராயம் வாற்றுவார்கள்.

என் அப்பன் உதியன்குளங்கரைச் சந்தையில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர். இப்போது நான் செய்கிற அதே வேலை. அவருடைய சிவப்புத் தோர்த்துத் துண்டுக்கு ஒரு மணம் உண்டு. வெங்காயம், கருவாடு, ஈரச் சாக்கு, பீடி எல்லாம் கலந்த மணம். அதை முறுக்கி வட்டமாகச் சுற்றிச் சும்மாடாகத் தலையில் வைத்துவிட்டால், எந்த மூட்டையும் அவர் தலையில் பூனைக்குட்டி போல உட்காரும். அடிக்கிறவர் அல்ல. சண்டைக்குப் போகிறவர் அல்ல. குடித்தால் உறங்குவார். எங்கே குடித்தாரோ அங்கேயே உறங்குவார். கோயில் திருநாள் அன்று குருசடிச் சிலுவைக்கு முன்னால் உறங்கியிருக்கிறார். அம்மைக்கு அதுதான் தாங்கவில்லை.

காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு கவிள், ஒரு வாய் சாராயம், உள்ளே போக வேண்டும். அது போகும்வரை கை நிற்காது. தீக்குச்சியும் பீடியும் ஒன்றையொன்று தொடாது. ஒரு கவிள் போனபிறகு பால் விடாத கட்டன்சாயாவைச் சிந்தாமல் குடிப்பார். இந்த ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பெரியவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம் அன்பியத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நம் பிள்ளைகள் வாசித்தால் தெரிய வேண்டுமே. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஓர் அன்பியம். பேச்சில் யூனிட் என்போம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு வீட்டில் கூட்டம். ஜெபமாலை, சுவிசேஷம், கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மனதைத் தொட்ட வார்த்தையை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கடைசியில் தீர்மானம். கேட்ட சுவிசேஷத்தை வைத்து இந்த வாரம் நம் யூனிட் என்ன செய்யப் போகிறது என்று ஒரு காரியம் முடிவு செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது. ஒரு வாரம் ஒற்றையடிப் பாதையில் முள் வெட்டினோம். ஒரு வாரம் கிணற்றுக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியைக் கைகொடுக்க வைத்தோம். நல்ல வழக்கம்தான். இன்றும் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் நடந்த வீட்டில் மாதாவின் கூடு ஒரு வாரம் தங்கும். அடுத்த ஞாயிறு மெழுகுதிரி பிடித்து, பாட்டுப் பாடி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். எங்கள் முறை வரும்போது மட்டும் கூடு எங்கள் வேலியைத் தாண்டிப் போய்விடும். குடிகாரன் கிடக்கும் வீட்டில் மாதாவை வைக்க முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாட்டு நிற்காமலே ஊர்வலம் கடந்துவிடும். அம்மை முக்காடு போட்டு, கையில் திரியோடு வேலிக்குள் நிற்பாள். வீட்டுக்குள் ஒரு முக்காலி, அதன்மேல் பூத்தையல் போட்ட வெள்ளைத்துணி எப்போதும் தயாராக இருக்கும். அதில் எங்களை உட்கார விடமாட்டாள்.

அந்த ஐப்பசியில், ஜெபமாலை மாதத்தில், தையல் அக்கா வீட்டில் கூட்டம். நம் தாய்மாருக்கெல்லாம் ரவிக்கை தைத்த அக்காதான். அவள்தான் சுவிசேஷம் வாசித்தாள். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்து ஆண்டவரின் முன்னால் இறக்கின பகுதி. மௌனம் வந்தது. கோழி கொக்கரிக்கும் சத்தம் மட்டும். பிறகு யூனிட் தலைவர், நாம் தலைவர் மாமா என்று கூப்பிடுகிறவர், பேசினார்.

தலைவர் மாமா கல்ஃபில் பெயிண்டராக இருந்து திரும்பியவர். அங்கேயும் இங்கேயும் குடித்தவர். ஒரு தியானக்கூட்டத்துக்குப் போய், திரும்பி வந்த அன்றே குப்பியை எறிந்தவர். சம்பள நாளில் மட்டும் குடித்தவர் அவர். என் அப்பன் குடித்தது வேறு குடி. அந்த வித்தியாசம் அப்போது யாருக்குத் தெரியும்?

"கெடந்தவன் வரமாட்டேன்னு சொல்லேல்ல," என்றார் தலைவர் மாமா. "அவனால வர ஏலாது. தூக்கத்தான் ஆளு வேணும். நம்ம யூனிட்ல அப்பிடிக் கெடக்குதது யாராக்கும்?"

எல்லாரும் அம்மையைப் பார்த்தார்கள். அம்மை பாயிலிருந்து ஒரு கோரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"சுத்திச் சுத்தி என்னத்துக்குப் பேசணும் மாமா," என்றாள் தையல் அக்கா. "இவளுக்க மாப்பிளதான். மாதா இந்த வாட்டி இவ வீட்டுக்குப் போகட்டும். அவரு மாதாவுக்க முன்னால சத்தியம் பண்ணட்டும்."

"அவிய பண்ணுவாவளா?" என்று அம்மை கேட்டாள். அவள் குரலில் பயத்தைவிட ஆசைதான் இருந்தது.

"நீ கேளு பிள்ளே. தூக்குததுக்கு நாங்க உண்டு," என்றார் தலைவர் மாமா.

அதுவே அந்த வாரத் தீர்மானம்.

வீட்டில் அப்பன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அம்மை முழுவதும் சொன்னாள். சுவிசேஷத்தையும் சேர்த்துச் சொன்னாள். அப்பன் பயறை வழித்துத் தின்றுகொண்டே சிரித்தார்.

"ஓகோ, நான் முடவாதக்காரனா? நாலு பேரு சேந்து என்னத் தூக்கட்டும், பாப்போம். எறக்குகூலி எவன் தருவான்?"

அம்மை சிரிக்கவில்லை. முக்காலியைப் பார்த்தாள். அப்பனும் பார்த்தார்.

"மாதா வந்தா இதிலயாக்கும் இருப்பாவ?"

"ஆமா."

அப்பன் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. வரச் சொல்லு."

அடுத்த ஞாயிறு மத்தியானம் இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. சேற்றில் கால் புதைய எல்லாரும் வந்தார்கள். முதல் தடவையாக ஊர்வலம் எங்கள் வேலிக்குள் திரும்பியபோது அம்மை பாட்டை மறந்துவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. அப்பன் முகம் மழித்து, கல்யாணச் சட்டையைப் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் எட்டவில்லை. காலையில் ஒரு கவிள் எடுத்திருந்தார். அதுதான் கடைசி.

கண்ணாடியின்மேல் கையை வைத்து அப்பன் சொன்னார்: "மாதாவே, இனி தொடமாட்டேன்." பிறகு திரும்பி, "போதுமா? இல்ல இன்னும் வல்லதும் சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் மாமா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அவல் நனைத்துக் கொடுத்தாள் அம்மை. தேங்காயும் சர்க்கரையும் ஏலக்காயும் மணந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு ஆள் உட்கார்ந்து தின்று நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பிறகு கண்டது சாவுக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் அப்பனால் கண்ணாடி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மை பிடித்துக் குடிக்க வைத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. சட்டை நனைந்து ஒட்டுகிற அளவு வேர்வை. தலைவர் மாமா வந்து பார்த்தார்.

"வெறயல் உள்ளதுதான் அண்ணாச்சி. எனக்கும் உண்டாயிருந்து. பல்லக் கடிச்சிட்டு இருங்கோ. நாங்க கூட இருக்கோம்."

சொன்னபடியே இருந்தார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவராக மாறி மாறி வந்து உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். தலைவர் மாமா தன் கையால் வாந்தியை அள்ளினார். அப்பனின் பாதத்தைச் சூடு வரும்வரை தேய்த்தார். தையல் அக்கா சுக்கு போட்ட கஞ்சி கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினாள். அப்பனைத் தனியாக விடவே இல்லை. முற்றத்துக்குப் போகவும் விடவில்லை.

மறுநாள் அப்பனின் கூட்டாளி வந்தார். சந்தையில் அப்பனோடு சுமடு எடுக்கிறவர். பக்கத்து ஊர் இந்து வீட்டுக்காரர். அப்பன் யாரோடு குடித்தார் என்று கேட்டால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். வேலிக்கு வெளியே நின்று அம்மையைக் கூப்பிட்டார்.

"எக்கா, அண்ணன் எப்பிடி உண்டு?"

"வெறச்சிட்டே கெடக்காவ. தண்ணி கூடத் தங்கல."

அவர் மடியிலிருந்து காகிதம் சுற்றிய சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். "இதில ஒரு கவிள் குடுங்கோ. நெறைய வேண்டாம். எனக்கும் ஒருக்கா இது வந்ததாக்கும். உடம்பெல்லாம் எறும்பு ஏறுதுன்னு பிறாண்டி ரத்தம் வந்து. ஒரு கவிள் எறங்கின உடனே நின்னுது. பின்ன மெள்ள மெள்ளக் கொறச்சுக்கலாம்."

அதற்குள் தலைவர் மாமா வெளியே வந்துவிட்டார். "லேய், மாதா இருக்குத வீட்டுக்கு எதக் கொண்டு வாற?"

"மாமா, ஆளு செத்துப் போவும். நான் தமாசு சொல்லல."

"மாதா முன்னால கெடக்குதவன் சாகமாட்டான்."

"அப்ப ஆசுபத்திரிக்காவது கொண்டு போங்கோ. ஜீப்பு நான் பிடிச்சுத் தாறேன்."

"அங்க போய் என்னண்ணு சொல்லுவ? குடி விட்டதுனால சீக்கு வந்துண்ணா? கேக்குதவன் சிரிப்பான். குடிச்சா சீக்கு வரும். விட்டாலா வரும்?"

உள்ளே இருந்த ஆண்கள் சிரித்தார்கள். தையல் அக்கா, "சாத்தான் முன்வாசல் வழியா வருவான்னு இப்பத்தான் கண்டேன்," என்றாள். கூட்டாளி குப்பியை அம்மையின் கையில் வைத்து, "உங்க இஷ்டம் எக்கா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மை குப்பியோடு நின்றாள். எல்லாருடைய கண்ணும் அவள் கையில் இருந்தது. உள்ளே அப்பன் முனகுகிற சத்தம் கேட்டது. அம்மை இரண்டு அடி வீட்டைப் பார்த்து வைத்தாள். பிறகு திரும்பி வாழை மூட்டுக்குப் போய் மூடியைத் திறந்து கவிழ்த்தாள். பெண்கள் "மரியே வாழ்க" என்று சத்தமாகச் சொன்னார்கள். தலைவர் மாமா அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

மணம் பரவியது. உள்ளே காவலிருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு அப்பன் வெளியே வந்தார். நடந்து அல்ல, தவழ்ந்து. வாழை மூட்டில் நனைந்திருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு சேர்த்துப் பிடித்தார். அப்படியே மண்ணில் நெற்றியை வைத்து அழுதார். அப்பன் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அம்மை வெறும் குப்பியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேற்கே இடி உருண்டது. மழை விழத் தொடங்கியபோது அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பனின் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்து வாயில் ரத்தம் வந்தது. தீர்த்தம் தெளித்தார்கள். "எறங்குது, எறங்குது," என்றார் தலைவர் மாமா. குடியின் பிசாசு இறங்குகிறது என்று நானும் நம்பினேன்.

அடுத்த நாள் அப்பனுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆனால் படுக்கவில்லை. எழுந்து வேலை செய்யத் தொடங்கினார். சுவரோரத்தில் போய்க் குனிவார், இல்லாத மூட்டையைத் தலைக்கு ஏற்றுவார், எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய் இறக்குவார். கையைத் தட்டித் தூசி போக்குவார். திரும்பப் போவார். "எலே, வண்டியப் பின்னால எடு. எடு. இன்னும் எடு. ஆங், நில்லு!" என்று இல்லாத டிரைவருக்குச் சொல்வார். நான் நடுவில் நின்றிருந்தேன். என்னைக் கண்டார். கண் என்மேல் பட்டது, ஆனால் எங்கோ தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி.

"மக்கா, மாறி நில்லு. சாக்கு விழும்."

நான் மாறி நின்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பாட்டுக்கு நடக்கட்டும், வேர்வையோடு எல்லாம் போகும் என்று தலைவர் மாமா சொல்லியிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அம்மையும்தான். நான் மூடவில்லை.

அப்பன் மாதாவின் கூட்டுக்கு முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த தோர்த்தை எடுத்து முறுக்கினார். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கை, முறுக்கும்போது ஆடவில்லை. வட்டமாகச் சுற்றித் தலையில் சும்மாடு வைத்தார். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, கூட்டை இரண்டு பக்கமும் பிடித்து, சந்தையில் முட்டைப் பெட்டியை எடுக்கிற மாதிரி எடுத்துத் தலையில் வைத்தார். எங்கள் வாசல் தாழ்வானது. வாசலில் வந்ததும் முழங்காலை மடக்கிக் குனிந்து, கூடு மேல்படியில் இடிக்காமல் வெளியே இறங்கினார். முற்றத்தைக் கடந்து வாழை மூட்டுப் பக்கம் போய் நின்று கேட்டார்: "இது எங்க எறக்கணும்?"

அப்போதுதான் உள்ளே யாரோ கண் திறந்து கூவினார்கள். எல்லாரும் ஓடினார்கள். நீங்களெல்லாம் கூச்சல் கேட்டு அப்போதுதான் வேலிப்பக்கம் வந்தீர்கள். இரண்டு பேர் அப்பனின் கையைப் பிடித்து இழுத்தார்கள். கூடு சரிந்தது. தலைவர் மாமா பாய்ந்து பிடித்ததால் மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில்லில் மட்டும் விரிசல் விழுந்தது.

நீங்கள் கண்டது அந்த இழுபறியைத்தான். பிசாசு மாதாவைத் தூக்கி எறிந்தது என்று அதற்குப் பிறகு ஊர் முழுவதும் பேச்சு. பிசாசு சும்மாடு வைத்துத்தான் தூக்குமா? வாசலில் குனிந்துதான் போகுமா? பத்து வயதில் எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

அப்பனைக் கட்டிலில் கிடத்தி அதே தோர்த்தால் கையைக் கட்டினார்கள். வலிக்காமல் இருக்க நடுவில் பழந்துணி வைத்துக் கட்டினார்கள். அம்மைதான் அந்தத் துணியைக் கொடுத்தாள். மறுநாள் உச்சிக்கு முன்னால், மாதாவின் மன்றாட்டு மாலைக்கு நாங்கள் ஒருவாயாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கட்டிலின் ஆட்டம் நின்றுவிட்டிருந்தது. எந்தப் பதிலில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. உறங்கிவிட்டார் என்று நினைத்து மன்றாட்டை முடித்தோம்.

அடக்கத்துக்குப் பெரிய கூட்டம். சாகும்போதும் சத்தியம் மீறாத மனுசன் என்று கோயிலில் பாதிரியார் அச்சன் சொன்னார். பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். தலைவர் மாமா முன்னால் பிடித்தார். அழுகையில் அவருக்கு அடி தடுமாறிக்கொண்டே இருந்தது. தூக்குவதே தொழிலாக உள்ள சந்தைக்காரர்கள் சாலையின் மறுபக்கம் தோர்த்தைக் கையில் பிடித்து நின்றார்கள். கூட்டாளியும் நின்றார். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு நான் போகவில்லை. ஒரு சாயாக்கடையில் கிளாஸ் கழுவினேன், தோள் பலத்தபிறகு சந்தைக்குப் போனேன். தமிழ் எழுத்து நாலாம் வகுப்போடு நின்றது. மிச்சம் நானாக வாசித்துப் பழகியது. கட்டின தோர்த்து எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மையிடம் கேட்டதுமில்லை.

ஆனால் எங்கள் வீட்டை விட்டுவிட்டு மாதா வேலியைத் தாண்டிப் போவது அதோடு முடிந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் தலைவர் மாமா அப்பனின் கதையைச் சாட்சியமாகச் சொல்வார். பிசாசு கூட்டை உடைத்ததும், கடைசிவரை ஒரு சொட்டும் தொடாமல் அப்பன் ஜெயித்ததும் அதில் வரும். அம்மை முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பாள். உறங்கிக் கிடந்த குடிகாரனின் பெண்டாட்டியாக இருந்தவள், சத்தியம் காத்தவனின் பெண்டாட்டி ஆனாள். ஊர் அவளை மதித்தது அதன் பிறகுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எங்களை வளர்த்தாள்.

சில வருடங்களுக்கு முன்னால் சந்தையில் என்னோடு வேலை செய்கிற ஒருவனை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அறைக்குள் பூட்டிக் குடியை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயது டாக்டர் அவன் பெண்டாட்டியைத் திட்டினார். காலையில் எழுந்ததும் குடிக்கிற ஆளுக்குத் திடீரென்று நிறுத்தினால் வெட்டும் வலிப்பும் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடும் என்றார். மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். அவன் கட்டிலில் படுத்து இல்லாத மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்து நின்றேன்.

அவன் பிழைத்தான். இப்போது சந்தையில் எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். அம்மையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் இருப்பது அந்த ஒரு கதைதான்.

இந்த ஐப்பசிக் கூட்டத்தில் உங்களில் சிலர் இருந்தீர்கள். தையல் அக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அவளுடைய மகன், ஆட்டோ ஓட்டுகிறவன், குடியில் விழுந்து கிடக்கிறான். தலைவர் மாமா வழக்கம்போலச் சாட்சியம் சொல்லி முடித்தார். தீர்மானத்துக்கு வந்தபோது தையல் அக்கா கை கூப்பினாள்.

"எனக்க மோனுக்கும் அப்பிடி ஒரு சத்தியம் வேணும். மாதா அடுத்த வாரம் எனக்க வீட்டுக்கு வரட்டும்."

எல்லாரும் சரி என்றார்கள். நான் இத்தனை வருடமாகப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, என் முறை வந்தால் தலையாட்டிப் பக்கத்து ஆளுக்கு விடுகிறவன். என் பக்கத்தில் அம்மை இருந்தாள். ஆனாலும் கேட்டேன்.

"எக்கா, அவன் காலையில எழும்பின உடனே குடிப்பானா?"

"பின்ன? அது எறங்காம அவனுக்குக் கை நிக்காது மக்கா."

"அப்ப சத்தியம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

தலைவர் மாமா என்னைப் பார்த்தார். "எலே, உங்கப்பனுக்க மோனா இது பேசுதது?"

"அப்பன் குடிச்சுச் சாகல்ல மாமா. விட்டதில செத்தாவ. அண்ணைக்கு ஜீப்புல ஏத்தியிருந்தா..."

சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிவிட்டது. தலைவர் மாமாவுக்கு இப்போது மெல்லப் பேசினால் காது கேட்காது. கையைக் காதில் குவித்து, "என்ன சொல்லுதான்? என்ன சொல்லுதான்?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். ஒருவரும் அவருக்குத் திரும்பச் சொல்லவில்லை.

அம்மை என்னைப் பார்க்கவில்லை. பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "கொண்டு போவோம். நானும் வாறேன்," என்றாள்.

மறுநாள் காலையில் அவனைக் கொண்டுபோனோம். தையல் அக்கா ஒரு பக்கம், அம்மை ஒரு பக்கம். வார்டில் அவனுடைய கை கட்டில் கம்பியில் பட்டுத் தாளம் போட்டது. அம்மை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் வந்து ஒரு சின்னக் குளிகையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் நடுக்கம் குறைந்து அவன் உறங்கினான். அவ்வளவுதான். அவ்வளவு சின்னக் காரியம்.

நர்ஸ் திரும்ப வந்தபோது அம்மை அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மோளே, இந்தக் குளிகை இப்பம் புதுசா வந்ததா?"

மலையாளத்துப் பிள்ளை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "புதியதல்ல அம்மச்சி. இது பண்டே உள்ள மருந்தாணு. ஞான் ஜனிக்குன்னதினு முன்பே உண்டு."

அவள் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்த மருந்து. அம்மை அவள் கையை விட்டாள். முக்காட்டை இழுத்து முகத்துக்கு முன்னால் விட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றுப் பாலம் கடந்தபிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணைக்கு நீ கண்ண மூடேல்லையா?"

"இல்ல அம்மா."

"மாதாவுக்க கூட்ட எறிஞ்சாவளா, எடுத்தாவளா?"

"எடுத்தாவ. சும்மாடு வெச்சு எடுத்தாவ. வாசல்ல குனிஞ்சு எறங்கினாவ. எங்க எறக்கணும்னு கேட்டாவ."

அதற்குப் பிறகு உதியன்குளங்கரை வரும்வரை அவளுடைய ஜெபமாலை கையில் இருந்தது. மணி நகரவில்லை.